பதினேழாம் நம்பர் அட்டை

போன மாதம் மொன்றியலுக்குப் பக்கத்து நகரமான லவாலில் ஒரு பெரிய களஞ்சியத்துக்குள் நின்று பிரெஞ்சில் பேசவேண்டி வந்தது. நான் வேலை செய்த கடையை வாங்கியவர்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். கடை என்று சொல்ல அங்கே கண்ணாடிக் கதவும் இல்லை, வந்து குந்தியிருந்து கதைக்க ஒரு ஸ்ரூலும் இல்லை. எல்லாம் இணையத்தில். பழைய பேஸ்போல் அட்டைகளை ஒரு கமரா படம் பிடிக்கிறது, மூலை தேய்ந்திருக்கிறதா என்று அதுவே சொல்கிறது, பிறகு ஒவ்வொன்றும் தடித்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள். தேத்தண்ணி தந்து, கதிரை தந்து, "மதாம் தவா, உங்கள் காலத்தில் இதெல்லாம் எப்படி?" என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் கேட்டாள், "நீங்கள் பார்த்ததிலேயே கஷ்டமான அட்டை எது?"

பதினேழாம் நம்பர் என்றேன். கதையை என் பிரெஞ்சில் சொன்னேன். பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். மிச்சப் பாதிக்காக இதைத் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் சனத்துக்கு என் வேலையை விளங்கப்படுத்துவது எப்போதும் பெரும்பாடு. "காட் கடையிலை வேலை" என்றதும், முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் இடமாக்கும் என்று நினைத்து, "மனிசனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டவர்கள் உண்டு. அதுவல்ல. இந்த நாட்டில் பேஸ்போல் விளையாட்டுக்காரரின் படத்தைச் சின்ன அட்டையில் அச்சடித்து, சுயிங்கத்தோடோ பாணோடோ ஜெலிப் பெட்டியோடோ சேர்த்து விற்பார்கள். முன்பக்கம் ஆளின் படம், பின்பக்கம் அவரின் விவரம். பிள்ளைகள் ஒன்றாம் நம்பரிலிருந்து கடைசி நம்பர் வரை சேர்ப்பார்கள். எல்லாம் சேர்ந்தால் ஒரு செற். அந்தப் பிள்ளைகள் கிழவரான பிறகும் சேர்ப்பதை விடுவதில்லை. அவர்களை நம்பித்தான் எங்கள் கடை நடந்தது.

என் கணவருக்கும் முதலில் பிடிபடவில்லை. "படம் பாக்கிறதுக்குச் சம்பளமோ? எனக்கும் ஒரு இடம் கேட்டுப் பாருமன்" என்றார்.

அதற்கு முன் நான் ஜான்-டலோன் சந்தையில் பழக்கடை ஒன்றில் நின்றேன். பீச்சஸ் பழம் தெரிந்தெடுப்பது என் வேலை. ஒரு நாள் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கிரேக்கப் பெண்மணி பழம் வாங்க வந்தவர், பழத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீ அமத்திப் பாக்கிறேல்லை. உருட்டிப் பாக்கிறாய். ஏன்?" என்று கேட்டார். அமத்தினால் பழம் அடுத்த நாள் கறுக்கும் என்றேன். "பேப்பரும் அப்பிடித்தான்" என்றார். அடுத்த கிழமை அவருடைய கடையில் நின்றேன். அவர்தான் மதாம் எலேனி.

எங்கள் இருவருக்கும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அரைகுறை. இரண்டையும் குழைத்து ஒரு பாசை கதைத்தோம். அதை அப்படியே எழுத எந்த எழுத்தும் காணாது. ஆகவே அவர் சொன்னதையும் கடைக்கு வந்தவர்கள் சொன்னதையும் என் வாயில் வருகிற மாதிரியே தருகிறேன். மதாம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் போலத் தெரிந்தால் குறை நினைக்கவேண்டாம்.

கடை பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு தையற்கடைக்கும் தெப்பனேர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கும் நடுவில் இருந்தது. மதாமின் கணவர் தொடங்கியது. அவர் இறந்த பிறகு மதாம் நடத்தினார். ஒரு பேஸ்போல் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவர் அல்ல. "ஒருத்தன் தடியோடை நிக்கிறான். ஒருத்தன் எறியிறான். மிச்சப் பேர் புல்லைப் பாத்துக்கொண்டு நிக்கினம். இதிலை எனக்கென்ன?" என்பார். ஆனால் அட்டையைப் பார்க்கத் தொடங்கினால் மூச்சுக்கூட மெல்லமாகத்தான் விடுவார்.

அவர் பார்க்கும் முறை இது. ஒருவர் அட்டை கொண்டுவந்து மேசையில் வைத்தால், மதாம் உடனே இரண்டு கையையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் விடுவார். முதலில் கண். பிறகு மூக்கு. குனிந்து மணந்து பார்ப்பார். புதிதாக அச்சடித்த கள்ள அட்டை மை மணக்கும், நிலவறையில் கிடந்தது பூஞ்சணம் மணக்கும், சிகரெட் புகைத்த வீட்டு அட்டையை வாசலிலேயே பிடித்துவிடுவார். அதன் பிறகு மேசை விளக்கைச் சரித்து, வெளிச்சம் அட்டையின் மேல் படுத்துப் போகிற மாதிரி வைப்பார். அப்போது மடிப்பு, கீறல் எல்லாம் எழும்பி நிற்கும். கடைசியில்தான் கை வெளியே வரும். விளிம்பில் பிடித்து, முகத்தைப் பார்க்காமல், முதுகைப் பார்ப்பார். "முகத்தை எல்லாரும் பாப்பினம். பிள்ளையள் பேர் எழுதிறது, பசை பூசிறது எல்லாம் பின்னாலை" என்பார்.

என் கையைப் பழக்க அவருக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. கை கழுவவேண்டும், கிறீம் பூசக்கூடாது. அதெல்லாம் சரி. ஒரு நாள் ஓர் அட்டையின் மூலையில் மினுக்கமாக ஒரு பொட்டு. மதாம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னலைப் பார்த்தார். தேங்காயெண்ணெய். முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டு அதே விரலால் அட்டையைத் தொட்டிருக்கிறேன். "தவா, நீ வடிவாயிருக்கிறதுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கு" என்றார். அன்றிலிருந்து எண்ணெய் சனிக்கிழமை பின்னேரம் கடை பூட்டிய பிறகுதான்.

நான் பிரெஞ்சு படித்ததும் அட்டைகளின் முதுகில்தான். கனடாவில் அச்சடித்தவற்றில் இரண்டு பாசையும் இருக்கும். ஆங்கிலத்தை வைத்துப் பிரெஞ்சைப் பிடித்தேன். ஆனால் அதிலே வருகிற சொற்கள் எல்லாம் மைதானத்துச் சொற்கள். மகனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு காலை, அவன் போகும் கார்டெரிக்கு, அதாவது பிள்ளைகள் காப்பகத்துக்கு, ரெலிபோன் எடுத்து, "என் மகன் இன்று காயமடைந்தோர் பட்டியலில் இருக்கிறான்" என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது, "எப்ப ஆட்டத்துக்குத் திரும்புவார், மதாம்?"

சுயிங்கத்தோடு வந்த பேர்பெற்ற அட்டைகள் எங்கள் கடையிலும் இருந்தன. ஆனால் மதாமின் மனம் அவற்றில் இல்லை. விநோதமான செற்களில்தான் அவருக்கு ஆசை. உருளைக்கிழங்குப் பொரியல் பையில் வந்த வட்டத் தகடுகள், பெற்றோல் அடித்தால் கொடுத்த முத்திரைகள், பால்பெட்டியில் கத்தரிக்கோலால் வெட்டவேண்டியவை, நாய்ச்சாப்பாட்டுப் பெட்டியின் பின்பக்கம். "சுயிங்கம் காட்டை எல்லாரும் வச்சிருப்பினம். நாய்ச்சாப்பாட்டுப் பெட்டியை வெட்டி வச்சிருக்கிறவன் ஆர்? எனக்கு அவனோடைதான் கதை" என்பார்.

அப்படியானவர்கள்தான் வந்தார்கள். ஜெலிப் பெட்டி அட்டைகள் சேர்த்த ஒரு அம்மா வருவார். அவருக்கு வேண்டிய ஆட்டக்காரர் எலுமிச்சை ஜெலியின் பெட்டியில் மட்டும் வந்தாராம். ஒரு கோடை முழுக்க வீட்டில் எலுமிச்சை ஜெலி. "அந்த ஆளை நான் கலியாணம் கட்டியிருந்தாலும் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கமாட்டன்" என்றார். இன்னொருவர் தன் மனைவி முன்னால் எதுவும் வாங்கமாட்டார். மனைவி தெப்பனேருக்குள் போனதும் ஓடிவந்து, "கெதியா, கெதியா, அவள் பால் வாங்கிறாள்" என்பார். நகரத்தின் பெரிய பேஸ்போல் அணி மொன்றியலை விட்டுப் போன வருடம் பலர் சும்மா வந்து நின்றார்கள். ஒன்றும் வாங்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போல மதாமின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். பேஸ்போல் தெரியாத மதாம் எல்லோருக்கும் கோப்பி கொடுத்தார்.

சனிக்கிழமைகளில் முசியே ஜெரார் வருவார். ஓய்வுபெற்ற டாக்சிக்காரர், தனி ஆள், வாய்க்காரர். ஸ்ரூலில் குந்தி, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரே கேள்வியைக் கேட்பார்.

"பதினேழு வந்திட்டுதோ?"

"பதினாறு தரட்டோ?" என்பார் மதாம்.

"பதினாறு என்னட்டை இருக்கு."

"அப்ப பதினெட்டு?"

"கிரேக்கருக்கு எண்ணத் தெரியாதெண்டு எனக்கு முந்தியே தெரியும்."

அதோடு சண்டை தொடங்கும். அரசியல், குளிர், கோப்பியின் சுவை, எல்லாவற்றிலும் சண்டை. மத்தியானம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அவர் தேடியது ஒரு பாண் கொம்பனி வெளியிட்ட செற். அவருடைய சின்ன வயதில் இந்த நகரத்தில் விளையாடிய ஒரு சின்ன அணியின் ஆட்களுடைய படங்கள், இருபத்துநாலு. ஒரு பாணுக்கு ஒன்று, மெழுகுக் கடதாசி உறைக்குள் வரும். அவரும் தமையன் கிளோடும் சேர்ந்து சேர்த்தார்கள். பதினேழாம் நம்பர் ஆள் பருவத்தின் நடுவில் வேறு ஊர் அணிக்குப் போய்விட, கொம்பனி அந்த அட்டையை அச்சடிப்பதை நிறுத்திவிட்டது. கிளோட் பிறகு வடக்கே சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். இருபத்துமூன்று அட்டைகளும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் தம்பியிடம் இருந்தன. அவற்றை அவர் கடைக்குக் கொண்டுவந்து ஒரேயொரு தடவைதான் காட்டினார். மணந்து பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மெழுகும் பாணும் லேசாக மணந்தன.

ஒரு பனிக்காலம் முசியே ஜெரார் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து லவாலில் ஒரு நடைப்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை ஸ்ரூல் வெறுமையாகக் கிடந்தது. மதாம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

அவர் குடியிருந்த கட்டடத்தின் பராமரிப்பாளர் எங்கள் குணம் அண்ணை. குழாய் ஒழுகினால், வெப்பமூட்டி நின்றால், பனி வழிக்கவேண்டுமென்றால் அவர்தான். கட்டடத்துக் கதவுகள் எல்லாவற்றின் திறப்புகளும் ஒரு கோர்வையாக அவர் இடுப்பில் தொங்கும். முசியே ஜெரார் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "என்ரை வீட்டைப் பாத்துக்கொள்" என்று அவரிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை குணம் அண்ணை முகமெல்லாம் சிரிப்பாகக் கடைக்குள் வந்தார். கையில் அந்த ரின்.

"தங்கச்சி, மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் வெடிச்சு, முசியே ஜெராற்றை வீடு முழுக்கத் தண்ணி. அலுமாரிக்குள்ளையும் போயிட்டுது. நல்லகாலம், ரின்னுக்குள்ளை போகேல்லை. மூடியிலை மட்டும்தான். இவ்வளவு காலமும் வச்சிருந்த சாமான் ஒரு நிமிசத்திலை போகப் பாத்துது. அதாலை ஒரு வேலை செய்தனான். இனி நூறு வருசத்துக்கு ஒண்டும் நடக்காது. பாருங்கோ."

ரின்னைத் திறந்தார். இருபத்துமூன்று அட்டைகளும் லமினேற் செய்யப்பட்டிருந்தன.

எங்கள் ஆட்களை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. எந்த வீட்டுக்குப் போனாலும் பாருங்கள், பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற், சாதகக் குறிப்பு எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள் மினுங்கும். கடதாசி ஒன்றுக்காக ஒரு நாட்டின் வாசலில் நின்று பதில் சொன்னவர்கள் நாங்கள். குணம் அண்ணை எங்களிலும் ஒரு படி மேல். பஸ் நேர அட்டவணையைக்கூட லமினேற் செய்து சமையலறையில் தொங்கவிட்டவர். பக்கத்திலிருந்த தமிழ்ப் பெடியன் சிவாவின் கடையில் ரெலிபோன் காட், கருவாடு, போட்டோக் கொப்பி, லமினேற் எல்லாம் உண்டு. அங்கே கொண்டுபோய், ஒரு தாளுக்கு ஆறு அட்டையாக அடுக்கி, சூட்டு மெசினுக்குள் விடச்சொல்லியிருக்கிறார்.

ஓர் அட்டையை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தேன். என் முகம் மாறியிருக்கவேண்டும்.

"என்ன தங்கச்சி, சிவா விளிம்பை வடிவா வெட்டேல்லையோ?"

மதாம் என் தோளுக்குப் பின்னால் வந்து பார்த்தார். இரண்டு கையும் பொக்கற்றுக்குள் போயின. அப்படியே திரும்பி உள்ளறைக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். நான்தான் குணம் அண்ணைக்குச் சொல்லவேண்டி வந்தது. சூட்டில் உருகிய பசை அட்டைக்குள் இறங்கிவிடும், இனி பிளாஸ்ரிக் வேறு அட்டை வேறு அல்ல, சேர்க்கிறவர்கள் பார்வையில் இது செத்த அட்டை என்று. அவர் ஸ்ரூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முசியே ஜெராரின் ஸ்ரூல்.

"கழட்டேலாதோ?"

"பாப்பம் அண்ணை."

கழற்ற முடியாது என்று தெரியும். ஆனாலும் பார்க்காமல் சொல்லக்கூடாது. எங்களிடம் அதே காலத்து, அதே மாதிரிக் கடதாசியில், மடிந்து கிழிந்து ஒருவரும் கேட்காத அட்டைகள் ஒரு பெட்டி இருந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு சிவா கடைக்குப் போய் லமினேற் செய்யச் சொன்னேன். சிவா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, இது கிழிஞ்சுபோய்க் கிடக்கே."

"அதுதானடா வேணும். குணம் அண்ணையின்ரைக்கு விட்ட அதே சூட்டிலை விடு."

திரும்பிவந்து மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். முதலாவதைக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, விளிம்பில் சின்னக் கத்தியால் பிளாஸ்ரிக்கைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்ரிக் முறிந்து, மூலையும் சேர்ந்து முறிந்தது. அடுத்ததற்குத் தலைமயிர் காயவைக்கும் மெசினால் சூடு காட்டி, பசை இளகுகிற நேரம் பார்த்து, பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை உள்ளே விட்டு, மயிரிழை மயிரிழையாக அறுத்தேன். குணம் அண்ணை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பிளாஸ்ரிக் எழும்பியது. "வருது, வருது!" என்றார். முழுதும் எழும்பியபோது ஆட்டக்காரரின் முகம் பிளாஸ்ரிக்கோடு போய்விட்டது. அட்டையில் வெறும் வெள்ளை. இன்னும் ஒன்றில் துணிக்கு மேலால் இஸ்திரிப்பெட்டி வைத்துப் பார்த்தேன். அதிலும் அதே. முகம் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம்.

மதாம் வாசலில் வந்து நின்றார். "நிப்பாட்டு, தவா. இப்ப ஜெராற்றை காட்டுகளிலை முகமாவது இருக்கு."

அந்த நேரம் பார்த்து, என்ன நடக்கிறது என்று பார்க்க, சிவாவும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டான். கேட்டதும் அவனுக்கு முகம் கறுத்தது. மெசினுக்குள் விட்டது அவன்தானே. மெல்லச் சொன்னான், "அண்ணை, குழாய் வெடிச்சது உண்மைதானே. தண்ணியிலை பழுதாப் போச்செண்டு சொல்லுங்கோ. ரின்னை எறியுங்கோ. ஆருக்குத் தெரியும்?"

குணம் அண்ணைக்கு அந்த வேலையை விட்டால் வேறில்லை. குடியிருப்பவரின் சாமானை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பழுதாக்கினார் என்று கட்டட முதலாளிக்கு ஒரு முறைப்பாடு போனால், திறப்புக் கோர்வையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அந்த வேலையோடுதான் அவருக்கு இருக்க நிலக்கீழ் வீடும். அவர் அந்தக் கோர்வையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஒண்டும் செய்யேல்லை, சிவா. நான்தான் செய்தனான்" என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மதாம் கடைக் கதவில் "மூடியிருக்கிறது" பலகையைத் திருப்பினார். சனிக்கிழமை அது திரும்பியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. "நானும் வாறன்" என்றார். மூவருமாக மெத்ரோவில் போய், ஜான்-டலோனில் மாறி, லவாலுக்குச் செம்மஞ்சள் பாதையில் போனோம். குணம் அண்ணை மடியில் ரின்னை வைத்துக்கொண்டு, சொல்லவேண்டிய பிரெஞ்சை உதட்டுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தார். இடையிடையே என்னைக் கேட்டார். "மன்னிக்கவேணும் எண்டதை முதல்லை சொல்லுறதோ, பேந்து சொல்லுறதோ?"

"முதல்லை நடந்ததைச் சொல்லுங்கோ, அண்ணை."

மதாம் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே இருட்டுச் சுரங்கத்தைப் பார்த்தபடி வந்தார்.

முசியே ஜெரார் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பதினேழு வந்திட்டுதோ?" என்று அங்கேயும் கேட்டார். மதாம் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. அதிலேயே அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

குணம் அண்ணை ரின்னை அவர் முன்னாலிருந்த சின்ன மேசையில் வைத்துத் திறந்தார். பாடமாக்கியது எல்லாம் மறந்துபோனது. "குழாய் வெடிச்சுது. ரின்னைக் காப்பாத்தினன். பிறகு நான் இப்படிச் செய்தன். பிழை. நான்" என்றார்.

கிழவர் ஓர் அட்டையை எடுத்தார். மேசை விளிம்பில் தட்டினார். டக் என்றது. வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஏன்?"

குணம் அண்ணை சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்து அட்டைகளின் பக்கத்தில் வைத்தார். அவருடைய பிறப்புப் பத்திரம். பாதி எழுத்து நீலமாகக் கரைந்து ஓடிப்போயிருந்தது. கரைந்த பிறகு லமினேற் செய்தது. "நான் வள்ளத்திலை கடல் கடந்து வரேக்கை இது நனைஞ்சது. இஞ்சை வந்து, என்ரை பேர் இதுதான் எண்டு ஒருத்தருக்கும் காட்டேலாமல் போச்சு. உங்கடை பேப்பரும் அப்பிடிப் போயிடுமெண்டு பயந்திட்டன்" என்றார். பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடித்தார். மிச்சத்தை நான் சொன்னேன்.

முசியே ஜெரார் அந்தக் கரைந்த பத்திரத்தையும் பார்த்தார். அட்டையையும் பார்த்தார்.

"தபர்னாக்" என்றார். இந்த ஊர்க்காரர் கோபத்திலும் சொல்வார்கள், துக்கத்திலும் சொல்வார்கள். எது என்று எனக்குப் பிடிபடவில்லை. "கிளோட் ஒவ்வொரு காட்டையும் முதல்லை மணந்துதான் பாப்பான். நானும் அவன்ரை நினைவு வந்தால் மணந்து பாப்பன். நீ படத்தையெல்லாம் காப்பாத்திப்போட்டாய். மணம் போயிட்டுது."

குணம் அண்ணை தலையைக் குனிந்தார். இடுப்பிலிருந்த கோர்வையிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றப் பார்த்தார். விரல் வழுக்கியது.

அப்போதுதான் மதாம் கைப்பையைத் திறந்தார். மெல்லிய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஓர் அட்டை. மூலைகள் நாலும் கூர். பதினேழாம் நம்பர்.

இத்தனை வருடம் அந்தக் கடையின் ஒவ்வொரு பெட்டியையும் துடைத்தவள் நான். இதைக் கண்டதில்லை.

"எப்ப இருந்து?" என்றார் ஜெரார்.

"என்ரை மனிசன் இருக்கேக்கை இருந்து."

"மனிசன் இருக்கேக்கை இருந்தோ! நான் ஒவ்வொரு சனியும் வந்து..."

"அதுதான்" என்றார் மதாம். "அதைத் தந்திருந்தால் உன்ரை செற் முடிஞ்சிருக்கும். செற் முடிஞ்ச ஆக்கள் திரும்பி வாறேல்லை. பேந்து சனிக்கிழமை ஆர் வந்து என்னோடை சண்டை பிடிக்கிறது?"

கிழவர் குணம் அண்ணையைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார். "ஒருத்தன் என்ரை காட்டைப் பிளாஸ்ரிக்குக்குள்ளை அடைச்சான். ஒருத்தி என்னை ஸ்ரூலிலை அடைச்சு வச்சிருந்தாள். நல்ல சினேகிதர்தான் எனக்கு" என்றார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

பதினேழை உறையிலிருந்து எடுத்து மணந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மற்ற இருபத்துமூன்றையும் வரிசையாக அடுக்கி, பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அதை வைத்தார். சரியாக இருக்கவில்லை. மற்றவை மினுங்கின, இது மங்கலாகக் கிடந்தது. வெப்பமூட்டியின் காற்றுக்கு இது மட்டும் எழும்பி எழும்பிப் பார்த்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நின்ற மாதிரி.

"இதையும் செய்" என்றார், குணம் அண்ணையிடம்.

மதாம் எழும்பிவிட்டார். "விசரோ உனக்கு! இதைவிட நல்ல பதினேழு எங்கையும் கிடையாது. இது ஒண்டுதான் உயிரோடை இருக்கு!"

"செற் எண்டால் எல்லாம் ஒண்டுபோலை இருக்கவேணும். நீதானே எல்லாருக்கும் சொல்லுறனீ."

"நான் சொன்னது..."

"இது ஆற்றை காட்? உன்ரையோ, என்ரையோ?"

மதாம் வெகுநேரம் அதைப் பார்த்தார். அவருடைய கணவர் தொட்டு வைத்தது. கடைசியில், "உன்ரை" என்றார்.

"அப்ப மணந்து பார். இனி மணக்காது."

மதாம் குனிந்து மணந்தார். பிறகு என்னிடம் தந்தார். மெழுகு, அதற்கு அடியில் பாண். நான் குணம் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கையை உடுப்பில் துடைத்து, விளிம்பில் மட்டும் பிடித்து, மணந்து, கண்கலங்கிப்போனார். ஜெரார் அவருடைய இடுப்புக் கோர்வையைச் சுட்டிக் காட்டினார். "அந்தத் திறப்பைத் திருப்பிப் போடு. ஆர் என்ரை வீட்டைப் பாக்கிறது?"

அன்று பின்னேரமே சிவா கடைக்குப் போனோம். போன மாதம் அந்தக் களஞ்சியத்துப் பெண் கேட்டதற்கு என் பதில் இதுதான். என் வேலைக்காலம் முழுவதும் நான் பழகியது, அட்டைக்கு ஒன்றும் நடக்காமல் காப்பது. அன்று என் கண்முன்னால், அந்த மெசினுக்குள் பதினேழாம் நம்பர் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவேண்டியிருந்தது. குணம் அண்ணையின் கையைப் பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது. நிறுத்தவில்லை. அது எங்களுடைய அட்டை அல்ல.

குணம் அண்ணைதான் உள்ளே விட்டார். மற்றப் பக்கத்தால் சூடாக, மினுங்கிக்கொண்டு வந்தது. சிவா கத்தரிக்கோலை எடுத்தான்.

"அண்ணை, விளிம்பை வெட்டட்டோ?"

"வேண்டாம்" என்றார் குணம் அண்ணை. "அவர் வரட்டும். அவரைக் கேட்டு வெட்டுவம்."

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை முசியே ஜெரார் ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். ஸ்ரூலில் குந்தி, தொப்பியைக் கழற்றி வைத்து, கத்தரிக்கோல் கேட்டார். பதினேழைத் தானே வெட்டினார். ஒரு பக்கம் கோணிவிட்டது. மதாமுக்குப் பொறுக்கவில்லை. "சின்னப்பிள்ளை வெட்டின மாதிரி! என்னட்டைத் தந்திருந்தால் நேரா வெட்டியிருப்பன்."

"உன்னட்டைத் தந்தால் இன்னொருக்கா ஒளிச்சு வச்சிடுவாய்" என்றார் அவர். "கோப்பி எங்கை?"